மூன்று மில்லிமீற்றர் ஆப்பு

போன எபிசோட்டின் கடைசியில், நின்றுகொண்டு வேலை செய்யும் மேசைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருக்கும்போது, "நான் என்ர சப்பாத்துக்குள்ள ஒரு ஆப்பு வச்சிருக்கிறன்" என்று ஒரு வரி விட்டேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பற்றித்தான். "யாருக்கு ஆப்பு?" என்று கேட்டவர்களை விடுவோம். தமிழ்ப் படம் பார்த்து வளர்ந்த எங்களுக்கு அந்தச் சொல் அப்படித்தான் கேட்கும். ஆனால் நிறையப் பேர் உண்மையாகவே கால் நோவோடு இருக்கிறீர்கள் என்று விளங்கியது. நாள் முழுக்க நிற்கிற நேர்ஸ்மார், புதிதாக ஓடத் தொடங்கியவர்கள், வீட்டுக்குள் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நின்று கோட் எழுதுகிற என்னைப் போன்ற கொன்ட்ராக்டர்கள். அதனால் இந்தக் கிழமை அதையே வடிவாக எழுதுகிறேன்.

நான் சொன்னது தச்சுவேலைக்காரர் சொல்லுகிற அதே ஆப்புத்தான். ஒரு பக்கம் தடிப்பு, மற்றப் பக்கம் மெல்லிசு. மரத்துக்குப் பதிலாக ஃபோம். சப்பாத்துக்குள் போடும் இன்சோலில் அதை ஒட்டினால், கால் தரையைத் தள்ளும் விதம் கொஞ்சம் மாறும். அந்தக் கொஞ்சம் எனக்கு என்ன செய்தது, அதே துண்டை அம்மாவின் சப்பாத்துக்குள் ஏன் வைக்காமல் விட்டேன் என்ற இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுசாகும்.

ஒன்றைத் திருத்தினால் இன்னொன்று

எனக்கு முதலில் வந்தது குதிக்கால் நோ. காலையில் கட்டிலால் இறங்கி வைக்கிற முதல் அடியில் ஊசி குத்தின மாதிரி இருக்கும். பத்து நிமிடம் நடந்தால் குறையும். பின்னேரம் திரும்ப வரும். குதியின் அடியில் இருந்து விரல்கள் வரை ஒரு தடித்த பட்டி போகிறது, அதன் பெயர் பிளாண்டர் ஃபாசியா. அது எலும்போடு சேருகிற இடம்தான் நோகிறது என்றார் பொடியாட்ரிஸ்ட். காலை அளந்து, கடினமான பிளாஸ்டிக்கில் எனக்கென்றே ஒரு ஜோடி ஓர்தோட்டிக் இன்சோல் செய்து தந்தார். சில நூறு டொலர் போனது.

ஆறு கிழமையில் குதி நோ பாதியாகக் குறைந்தது. ஆனால் வலது காலில் பெருவிரலின் அடி மூட்டில் புதிதாக ஒரு நோ. மாடிப்படி ஏறும்போதும் வேகமாக நடக்கும்போதும் அந்த மூட்டு பிடித்துக்கொண்டது. ஒன்றைத் திருத்தப் போய் இன்னொன்று உடைந்திருந்தது. சொஃப்ட்வெயர் எழுதுகிற யாருக்கும் இது புதிதில்லை.

திரும்பப் போனபோது அவர் என்னைப் படுக்க வைத்து அந்தப் பெருவிரலைப் பிடித்து மேலே வளைத்தார். நன்றாகவே வளைந்தது, நோவும் இல்லை. பிறகு இன்சோலின் மேல் ஏறி நிற்கச் சொல்லி, அதே விரலைத் தூக்கப் பார்த்தார். அசையவே இல்லை. ஆணி அடித்து வைத்த மாதிரி நின்றது.

எங்கள் தொழிலில் இதற்கு ஒரு பழைய வசனம் உண்டு: "என்ர கொம்பியூட்டரில நல்லா ஓடுதே!" சும்மா இருக்கும்போது சரியாக வேலை செய்து, லோட் ஏறினவுடன் மட்டும் பூட்டிக்கொள்ளும் பக். கால் வைத்தியத்தில் இதற்கு ஃபங்ஷனல் ஹாலக்ஸ் லிமிடஸ் என்று பெயர். ஹோவர்ட் டனன்பேர்க் என்ற அமெரிக்கப் பொடியாட்ரிஸ்ட் 1980களில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். கட்டிலில் படுத்திருக்கும் காலை மட்டும் பார்க்கிறவருக்கு இது ஒருநாளும் தெரியாது. பாரம் ஏற்றித்தான் பார்க்க வேண்டும்.

பெருவிரல் ஏன் வளைய வேண்டும்?

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். தரையில் படும்போது பாதம் தளர்ந்து, மேடு பள்ளத்துக்கு ஏற்ப வளைந்துகொடுக்க வேண்டும். அரை செக்கனுக்குள் அதே பாதம் விறைத்து, உடம்பு முழுவதையும் முன்னுக்குத் தள்ள வேண்டும். தளர்ந்த சாமானை விறைத்த சாமானாக மாற்றுகிற வேலையில் பெரிய பங்கு பெருவிரலுக்கு உண்டு.

1954இல் ஹிக்ஸ் என்பவர் இதை விளக்கினார். பெருவிரல் மேலே வளையும்போது, பாதத்தின் அடியில் உள்ள அந்தப் பட்டி விரலின் அடிமூட்டைச் சுற்றி இழுபடுகிறது. கப்பியில் கயிறு சுற்றச் சுற்ற மிச்சக் கயிறு குறுகுமே, அதே மாதிரி. பட்டி குறுகக் குறுக, குதியும் முன்பாதமும் ஒன்றை ஒன்று நெருங்கும், உள்வளைவு உயரும், பாதம் விறைக்கும். கப்பலில் நங்கூரம் இழுக்கும் உருளையின் பெயரையே வைத்து இதை விண்ட்லாஸ் என்றார்.

இதை நீங்கள் இப்போதே பார்க்கலாம். எழும்பி நில்லுங்கோ. இரண்டு காலிலும் பாரம் சமமாக இருக்கட்டும். பக்கத்தில் இருக்கிறவரை உங்கள் பெருவிரலை மட்டும் மெல்ல மேலே தூக்கச் சொல்லுங்கோ. விரல் எழும்ப எழும்ப உள்வளைவு தானாக உயர்வதைக் காண்பீர்கள். நீங்கள் ஒரு தசையையும் இறுக்கத் தேவையில்லை. கயிறும் கப்பியும் மட்டும்தான்.

இப்போது என் பக்குக்கு வருவோம். பெருவிரல் மேலே வளைய வேண்டும் என்றால், அதற்குப் பின்னால் இருக்கிற நீள எலும்பின் தலை கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். பாதத்தின் முன் உருண்டையில் பெருவிரலுக்கு நேர் பின்னால் தடித்திருக்கும் இடம் அதுதான். என் புது இன்சோல் வளைவை நன்றாகத் தாங்கியது. தாங்குகிற வேகத்தில் அந்த எலும்பையும் கீழே இறங்க விடாமல் பிடித்து வைத்திருந்தது. கதவுக்குக் கீழே மடித்த கடதாசியைச் செருகின மாதிரி. நான் ஆப்பைத் தேடிப் போகவில்லை. ஏற்கெனவே ஒரு ஆப்பு பிழையான இடத்தில் இருந்தது.

ஐந்து நிமிடத் திருத்தம்

பொடியாட்ரிஸ்ட் ஒரு மூன்று மில்லிமீற்றர் ஃபோம் தாளை எடுத்தார். கத்தரிக்கோலால் ஒரு துண்டு வெட்டி, இரட்டைப் பக்க டேப்பால் இன்சோலின் முன்பகுதியில் ஒட்டினார். இரண்டாம் விரலில் இருந்து சின்ன விரல் வரை நாலு எலும்புத் தலைகளுக்கும் கீழே ஃபோம். பெருவிரல் எலும்பின் தலைக்குக் கீழே ஒன்றும் இல்லை, வெறும் பள்ளம். அந்த எலும்பு இறங்குவதற்கு மூன்று மில்லிமீற்றர் இடம் கிடைத்தது. ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை. அறைக்குள் நாலு தரம் நடந்து பார்த்தேன். மூட்டு பிடிக்கவில்லை.

பெருவிரலுக்குக் கீழே தடிப்பு வைத்து அதை ஆடாமல் வைப்பதற்கு, டட்லி மோர்ட்டன் என்ற அமெரிக்க மருத்துவரின் பெயரால் மோர்ட்டன் எக்ஸ்டென்ஷன் என்று சொல்வார்கள். எனக்குச் செய்தது அதன் நேர் எதிர்ப்பதம். இரண்டு வைத்தியத்துக்கும் ஒரே ஃபோம்தான், ஒட்டுகிற இடம்தான் வேறு. இடம் மாறினால் வைத்தியமே நோவாகிவிடும்.

சில நூறு டொலர் இன்சோலைச் சில சதப் பெறுமதியான ஃபோம் திருத்தியதில் எனக்குக் கோபம் வரவில்லை. அளவெடுத்துச் செய்தது என்றால் அது முடிந்துபோன சாமான் என்று நான்தான் நினைத்திருந்தேன். அது முதல் வெர்ஷன். காலின் பதிலைக் கேட்ட பிறகுதான் இரண்டாவது வெர்ஷன் வரும்.

வீட்டில் செய்வது எப்படி

அதற்குப் பிறகு ஓடுகிற சப்பாத்துக்கும் வேலைச் சப்பாத்துக்கும் நானே வெட்டினேன். ஒருமுறை பொடியாட்ரிஸ்ட்டிடம் காட்டி, எந்த இடத்தில் வைப்பது என்று கேட்டுக்கொண்ட பிறகுதான். செய்முறை இதுதான்.

ஃபோம்: ஈ.வி.ஏ என்று கேட்டு வாங்குங்கோ. ஓடுகிற சப்பாத்துகளின் அடி நடுப்பகுதியில் நிறைய இருப்பது அதே குடும்பம்தான். நகத்தால் அழுத்தினால் கொஞ்சம் பதிந்து உடனே எழும்ப வேண்டும். சமையலறை ஸ்பொஞ் மாதிரி நசிந்தால் ஒரு கிழமையில் தட்டையாகிவிடும், நீங்கள் வைத்த மூன்று மில்லிமீற்றர் ஒன்றாகிவிடும்.

இடம்: இதில்தான் எல்லோரும் பிழை விடுகிறோம். பெருவிரலுக்குப் பின்னால் உள்ள உருண்டையில் லிப்ஸ்டிக்கால் ஒரு பொட்டு வையுங்கோ. சப்பாத்துக்குள் இன்சோலைப் போட்டு, காலை விட்டு, ஒருமுறை எழும்பி நின்று எடுங்கோ. எலும்பு எங்கே நிற்கிறது என்று இன்சோலே காட்டும். கண்ணால் மதிப்பிட்டால் ஒரு சென்ரிமீற்றர் பிழைக்கும்.

ஓரம்: வெட்டின துண்டின் விளிம்பை அப்படியே விட்டால் காலுக்கு அது ஒரு சின்னப் படிக்கட்டு. உப்புத்தாளால் தேய்த்து ஒன்றுமில்லாமல் சரிய விடுங்கோ. முழு வேலையிலும் அதிக நேரம் எடுப்பது இதுதான். இதை விட்டவர்கள்தான் "ஆப்பு குத்துது" என்று கழற்றி எறிகிறவர்கள்.

அளவு: குதிக்குக் கீழே சரிவு வைக்கிறவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. குதியின் அகலம் 60 மில்லிமீற்றர் என்றால், ஒரு பாகைச் சரிவுக்கு ஒரு பக்கம் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீற்றர் உயர வேண்டும். மூன்று பாகைக்கு மூன்று மில்லிமீற்றர். ஃபோம் பாரத்தில் நசியும் என்பதால் காலுக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. அதற்காக முதல் நாளே ஐந்து, ஆறு என்று ஏற்ற வேண்டாம்.

ஒட்டுதல்: முதல் இரண்டு கிழமை டேப் மட்டும். பசை போட்டால் திரும்பிப் போக முடியாது. ரோல்பேக் இல்லாத மாற்றத்தை வெள்ளிக்கிழமை பின்னேரம் யாரும் ரிலீஸ் பண்ண மாட்டோம், காலிலும் வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்: புதுச் சப்பாத்து, புது ஆப்பு, புது உடற்பயிற்சி மூன்றையும் ஒரே கிழமையில் தொடங்கினால், நோ கூடினாலும் குறைந்தாலும் காரணம் தெரியாது. நான் ஃபோனில் ஒரு சின்ன லொக் வைத்திருந்தேன். திகதி, என்ன மாற்றினேன், காலையில் முதல் அடிக்குப் பத்தில் எத்தனை நோ. ஒரு வரிதான். முதல் நாள் ஒரு மணித்தியாலம், அடுத்த நாள் இரண்டு என்று கூட்டிக்கொண்டு போனேன். முழங்காலிலோ கணுக்காலின் வெளிப்பக்கத்திலோ புது நோ வந்தால் கழற்றுவது என்று முதலே முடிவு எடுத்து வைத்தேன். ஒருமுறை அப்படியே வந்தது. குதிக்கும் ஒரு ஆப்பு வைத்தால் இன்னும் நல்லாக இருக்குமே என்று ஆசைப்பட்டு வைத்தது. மூன்றாம் நாள் கழற்றினேன்.

ஆப்பிழுத்த குரங்கின் கதையை உங்களுக்கு அம்மம்மாவோ அப்பம்மாவோ சொல்லியிருப்பார்கள். பிளந்த மரத்தில் தச்சன் வைத்த ஆப்பை ஒரு குரங்கு சும்மா ஆட்டி ஆட்டி இழுத்தது, பிளவு மூடி வாலை நசித்துக்கொண்டது. அந்தக் குரங்கிடம் லொக் இல்லை.

இது எலும்பை நேராக்குதா?

இல்லை. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன்.

1970களில் மேர்ட்டன் ரூட் என்ற அமெரிக்கப் பொடியாட்ரிஸ்ட்டும் கூட இருந்தவர்களும், கணுக்காலுக்குக் கீழ் உள்ள மூட்டுக்கு ஒரு நடுநிலை உண்டு, கால் அதற்குக் கிட்ட இருக்க வேண்டும், இன்சோலின் வேலை காலை அங்கே கொண்டுவருவது என்று ஒரு முழு முறையை உருவாக்கினார்கள். அளவெடுத்துச் செய்யும் ஓர்தோட்டிக்கின் பெருமை முழுக்க அதில் இருந்து வந்தது. பிறகு 2000ஆம் ஆண்டில் ஒரு ஆய்வுக் குழு ஐந்து பேரின் எலும்புகளிலேயே ஊசி பொருத்தி, ஓட விட்டுப் பார்த்தது. இன்சோல் எலும்புகளின் அசைவை மாற்றியது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சமும் ஆளுக்கு ஆள் வேறு வேறு மாதிரி.

அப்படியென்றால் என் மூட்டு ஏன் நோகாமல் விட்டது? கலிஃபோர்னியாவில் கெவின் கேர்பி போன்றவர்கள் சொன்ன விளக்கம் எனக்கு விளங்கியது. ஆப்பு மாற்றுவது பெரும்பாலும் விசையை. சீசோவில் இருக்கிற பிள்ளை ஒரு அடி பின்னால் நகர்ந்தால் அதன் பாரம் கூடுவதில்லை, ஆனால் பலகையில் அதன் பலம் கூடுகிறது. தரை காலைத் தள்ளுகிற புள்ளியைச் சில மில்லிமீற்றர் அங்கால இங்கால நகர்த்தினால், எந்தப் பட்டி, எந்த மூட்டு எவ்வளவு இழுபடுகிறது என்பது மாறும். கோணம் கண்ணுக்குத் தெரியாத அளவு மாறினாலும், களைத்துப்போன இழையத்துக்கு ஓய்வு கிடைக்கும்.

கனடாவில் கல்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக் இன்னும் ஒரு படி போனார். உடம்பு தனக்குப் பழகின அசைவுப் பாதையை விடப் பார்க்காது, அந்தப் பாதையில் போக உதவுகிற சப்பாத்து சுகமாக இருக்கும், அதனால் சுகம் என்பதையே ஒரு அளவுகோலாக எடுக்கலாம் என்றார்.

ஆராய்ச்சி முடிவுகளையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2006இல் ஆஸ்திரேலியாவில் குதி நோ உள்ள 135 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். சிலருக்கு மெல்லிய பேருக்கான ஃபோம், சிலருக்குக் கடையில் வாங்குகிற இன்சோல், சிலருக்கு அளவெடுத்துச் செய்தது. மூன்று மாதத்தில் பின்னைய இரண்டு குழுவும் நடமாட்டத்தில் கொஞ்சம் முன்னுக்கு நின்றன. கடையில் வாங்கியதற்கும் செய்வித்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 12 மாதத்தில் மூன்று குழுவும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில். ஆகவே சில நூறு டொலர் கொடுக்க முதல் நல்லதொரு கடை இன்சோலையும் கொஞ்சம் ஃபோமையும் போட்டுப் பார்ப்பதில் பிழை இல்லை.

இன்னொன்று நான் இருக்கிற மெல்பேர்ணிலேயே நடந்தது. முழங்காலின் உட்பக்கத் தேய்மானம் உள்ள 200 பேர். பாதிப் பேருக்குப் பாதத்தின் வெளிப்பக்கம் ஐந்து பாகை உயர்ந்த ஆப்பு, மற்றவர்களுக்குத் தட்டை இன்சோல். இந்த வகை ஆப்பு முழங்காலின் உட்பக்கச் சுமையைக் குறைக்கும் என்று ஆய்வுகூட அளவீடுகள் முதலே காட்டியிருந்தன. 2011இல் முடிவு வந்தது. 12 மாதத்துக்குப் பிறகு நோவில் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பு தேய்வதிலும் இல்லை. டாஷ்போர்ட்டில் கோடு நல்லா இறங்குது, பாவிக்கிற ஆளுக்கு ஒரு மாற்றமும் இல்லை. இதை நாங்கள் எத்தனை புரொஜெக்டில் கண்டிருக்கிறோம்?

இவ்வளவும் பார்த்த பிறகு எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். எந்த ஆப்பு எந்தக் காலுக்குச் சரி என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற கணக்கு இன்னும் இல்லை. வைத்துப் பார்த்து, கால் சொல்வதைக் கேட்டு, மாற்ற வேண்டும். முழு முறையும் காலின் பதிலில்தான் நிற்கிறது.

கால் பதில் சொல்லாவிட்டால்?

அம்மாவின் சப்பாத்து

என் மேசையில் ஃபோம் துண்டுகள் கிடந்ததைக் கண்ட அம்மா ஒருநாள் சொன்னா, "தம்பி, எனக்கும் ஒண்டு வெட்டித் தாவன். கோயிலுக்குப் போய் வந்தா முழங்கால் நோகுது."

எனக்குச் சந்தோசம். அம்மா என்னிடம் தொழில்நுட்ப உதவி கேட்பது வழமையாக வட்ஸ்அப்புக்குத்தான். அவவின் நடக்கிற சப்பாத்தை எடுத்து, அளவு எடுப்பதற்காக இன்சோலை உருவினேன். அதற்குக் கீழே ஒரு ஐந்து சத நாணயம் இருந்தது. இன்சோலின் அடியில் நாணயத்தின் வட்டம் அச்சுக் குத்தின மாதிரிப் பதிந்து போயிருந்தது. ஒரு நாளில் வருகிற பதிவு இல்லை அது.

"அம்மா, இது குத்தேல்லையோ?"

"எது?"

காலைப் பார்த்தேன். முன் உருண்டையில் அதே அளவில் ஒரு சிவந்த வட்டம். அவவுக்கு நோவே இல்லை.

ஒரு ஐந்து சத நாணயத்தின் தடிப்பு ஒன்றரை மில்லிமீற்றர்கூட வராது. நான் வைக்க இருந்த ஆப்பு மூன்று. என் காலுக்குள் மூன்று மில்லிமீற்றர் வைத்தபோது நாலு அடியில் வித்தியாசம் தெரிந்தது. அம்மா ஒரு நாணயத்தின் மேல் நாள்கணக்காக நடந்திருக்கிறா. அவவுக்கு 18 வருடமாக நீரிழிவு.

நீண்ட நாள் நீரிழிவில் கால் நரம்புகள் மெல்ல மெல்ல உணர்வை இழக்கலாம். நோ வருவது நின்றுபோகிறபடியால், ஆளுக்கு ஒன்றும் தெரியாது. சின்ன அழுத்தம் தோலைத் தடிப்பாக்கும், தடிப்பு புண்ணாகும், இரத்தோட்டமும் குறைவென்றால் புண் ஆறாது. கால் அகற்றுகிற சத்திரசிகிச்சை வரை போகிற கதைகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன. எங்கள் தென்னாசியச் சனத்துக்கு நீரிழிவு வருகிற சாத்தியம் கூட என்பது உங்களுக்குத் தெரியும். யார் வீட்டில் இல்லை?

இதை உலகத்துக்கு விளங்கப்படுத்தியதில் பெரிய பங்கு தமிழ்நாட்டில் வேலை செய்த ஒரு டொக்டருக்கு உண்டு. போல் பிராண்ட். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். 1946இல் சத்திரசிகிச்சை படிப்பிக்க வேலூர் மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் வந்தவர்களின் விரலும் பாதமும் நோயால் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அந்தக் காலத்தில் நம்பினார்கள். அவர் பார்த்துப் பார்த்துக் கண்டது வேறு. நோய் நரம்பைக் கொல்கிறது. நோவு தெரியாதபடியால் ஆள் சூட்டுச் சட்டியைப் பிடிக்கிறார், ஆணியின் மேல் நடக்கிறார், புண்ணின் மேலேயே நடந்துகொண்டிருக்கிறார். அதுதான் காலைத் தின்கிறது. அதனால் வேலூர்ப் பக்கத்தில் அந்த நோயாளர்களுக்கென்று மெத்தென்ற நுண்துளை ரப்பரில் செருப்புகள் செய்யப்பட்டன. 1966இல் அவர் அமெரிக்காவில் லூசியானாவிலுள்ள கார்வில் தொழுநோய் வைத்தியசாலைக்குப் போனார். நீரிழிவு வந்தவர்களின் காலிலும் நடப்பது இதேதான் என்று அங்கே அவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள். இன்றைக்கு நீரிழிவுக் காலுக்குச் செய்கிற சப்பாத்துகளின் வேரில் வேலூர்ச் செருப்பும் இருக்கிறது.

அவரே சொன்ன ஒரு சம்பவம் உண்டு. ஒருநாள் இரவு, நீண்ட ரயில் பயணத்துக்குப் பிறகு, சொக்ஸைக் கழற்றும்போது தன் குதியில் உணர்வே இல்லை என்று கண்டார். தனக்கும் தொழுநோய் வந்துவிட்டது என்று நினைத்து இரவு முழுக்கத் தூங்கவில்லை. விடிந்ததும் ஊசியால் குத்திப் பார்த்தார். நொந்தது. ரயிலில் இருந்த இருப்பில் கால் மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நோவுக்கு அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார்.

நான் ஃபோமை மேசையில் வைத்தேன். என் காலில் வேலை செய்த முறை முழுவதும் நோவை நம்பியது. வைத்துப் பார், நொந்தால் கழற்று. அம்மாவின் கால் கழற்றச் சொல்லாது. லொக் எழுதாத ஒரு சேர்வரில் நான் கைவைக்க இருந்தேன்.

பெருவிரல், நடுவிரல், சின்னவிரல்

அன்றைக்கு இரவு நான் செய்த சோதனையை நீங்களும் செய்யலாம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் நகரத்து வைத்தியசாலையில் உருவானது. ஒரு கருவியும் தேவையில்லை.

அம்மாவையோ அப்பாவையோ காலை நீட்டி இருக்கச் சொல்லுங்கோ. சொக்ஸ் வேண்டாம். கண்ணை மூடட்டும். தொடுகிறதை உணரும்போது வலது, இடது என்று சொல்ல வேண்டும் என்று சொல்லி வையுங்கோ. உங்கள் சுட்டுவிரல் நுனியால் இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக மெல்லத் தொடுங்கோ. ஒரு செக்கன், கூடினால் இரண்டு. அழுத்தக்கூடாது, தட்டக்கூடாது, தடவக்கூடாது. ஒரு விரலைத் தவறவிட்டால் திரும்பத் தொடக்கூடாது. மொத்தம் ஆறு தொடுகை. அதில் இரண்டோ அதற்கு மேலோ உணரவில்லை என்றால் உணர்வு குறைந்திருக்கிறது என்று எடுத்து, டொக்டரிடம் காட்ட வேண்டும். ஆறும் உணர்ந்தாலும் வருடாந்தக் கால் பரிசோதனையை விடக்கூடாது.

அம்மா முதல் இரண்டையும் சரியாகச் சொன்னா. பிறகு அமைதி. நான் மூன்றாவதைத் தொட்டு, நாலாவதையும் தொட்டுவிட்டேன். கண்ணை மூடியபடியே அவ கேட்டா:

"என்ன தம்பி, இன்னும் தொடேல்லையே?"

எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அடுத்த கிழமை குடும்ப டொக்டர், அங்கிருந்து நீரிழிவுக் கால்களைப் பார்க்கிற கிளினிக். 10 கிராம் விசையில் வளைகிற ஒரு நைலோன் இழையால் பாதத்தின் பல இடங்களில் தொட்டுப் பார்த்தார்கள். இரத்தோட்டத்தையும் பார்த்தார்கள். அந்தச் சிவந்த வட்டம் புண்ணாகவில்லை, நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்றார்கள். இப்போது அவவின் சப்பாத்து ஆழமும் அகலமும் கூடினது. பாதம் முழுவதும் படுகிற மெத்தென்ற இன்சோல். அழுத்தம் எங்கே கூடுகிறது என்று அளந்து பார்த்துச் செய்தது. அதில் நான் ஒரு துண்டும் ஒட்டவில்லை.

வீட்டில் மாறியது இரண்டு விஷயம். சப்பாத்துப் போட முதல் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்ப்பது. படுக்க முதல் பாதத்தின் அடியைப் பார்ப்பது. குனிய ஏலாது என்றதால் ஃபோன் கமெராவில் பார்க்கிறா. மூன்றாவது ஒன்றுக்கு இன்னும் சண்டை நடக்கிறது. வெயில் காலத்தில் தேர்த் திருவிழாவுக்கு வெறுங்காலோடு சுடுகிற சீமெந்தில் நடப்பது. சூடு தெரியாத காலுக்கு அது ஆபத்து.

"கோயிலுக்குள்ள சொக்ஸோட போறதோ?"

"அம்மா, குளிர் காலத்தில அரைவாசிச் சனம் சொக்ஸோடதான் நிக்குது."

"அது குளிருக்கு."

இதுவரை அவவின் பக்கம்தான் வெற்றி. நான் விடவில்லை.

ஆகவே கேள்வி கேட்ட எல்லோருக்கும் என் பதில் இது. உங்கள் கால் நோகிறது, காலில் நல்ல உணர்வு இருக்கிறது, புண் இல்லை, வீக்கமோ சூடோ இல்லை என்றால் மூன்று மில்லிமீற்றர் ஃபோமும் ஒரு டேப்பும் லொக்கும் எடுத்துக்கொண்டு மெதுவாகப் பரிசோதியுங்கோ. நோ உங்களோடு கதைக்கும், அதைக் கேளுங்கோ. உணர்வு குறைந்த கால், இரத்தோட்டம் குறைந்த கால், வளர்கிற பிள்ளையின் கால் என்றால் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, தெரிந்தவரிடம் கூட்டிக்கொண்டு போங்கோ.

இந்தச் சனி ஞாயிறு வீட்டுக்குப் போகிறவர்கள் முதல் வேலையாக அம்மா அப்பாவின் சப்பாத்துக்குள் கையை விட்டுப் பாருங்கோ. பிறகு அந்த ஆறு விரல்கள். ஐந்து நிமிடம்தான். அடுத்த எபிசோட்டில் சந்திப்போம்.